பிடிபட்டதற்குப் பற்றுச்சீட்டு

கனடாவில் கடல்வழி முன்வரலாற்று ஆராய்வு மன்றம் என்று ஒன்று இருப்பது சீமோனுக்கு அறுபத்திரண்டு வயதுவரை தெரியாது. மன்றத்துக்கும் சீமோனைத் தெரியாது. இரண்டு பகுதியும் அப்படியே இருந்திருக்கலாம். யாருக்கும் ஒரு நட்டமும் வந்திராது.

கெடுத்தது ஒரு வெற்றிடம். அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவில், சாறிக்கடைக்கும் பல் டொக்டருக்கும் நடுவில் மேசை போட்டு, ஊர்ச்சனத்துக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுப்பவர் ஸ்ரீஸ்கந்தராசா மாஸ்ரர். அவருடைய கொள்கை ஒன்றேயொன்றுதான்: அரசாங்கப் படிவத்தில் கட்டம் எதுவும் காலியாக இருக்கக்கூடாது. சீமோனின் குடியுரிமைப் படிவத்தில் 1990ஆம் ஆண்டில் ஏழு மாதம் காலியாக இருந்தது.

“வெறுமையா விட்டா அவன் சந்தேகப்படுவான்” என்றார் மாஸ்ரர். “பொய்யெண்டாலும் காரியமில்லை, உண்மையெண்டாலும் காரியமில்லை. ஏதாவது சொல்லும்.”

சீமோன் ரெக்ஸ்டேலில் ஆசுபத்திரி விரிப்புகள் தோய்க்கும் லோன்றியில் பத்து மணித்தியாலம் நீராவி இஸ்திரிக்கு முன்னால் நின்றுவிட்டு வந்திருந்தார். களைப்பில் உண்மை வாயில் வந்துவிட்டது.

“கப்பலிலை நிண்டனான், மாஸ்ரர்.”

மாஸ்ரர் கப்பல் என்று எழுதினார். பெயர் கேட்டு அதையும் எழுதினார். கட்டம் நிரம்பியதில் அவருக்குப் பெரிய திருப்தி.

நான்கு மாதம் கழித்து, சென் ஜேம்ஸ் ரவுணில் சீமோனின் பதினாறாம் மாடி வீட்டுக்கு ஒரே நாளில் இரண்டு கடிதம் வந்தன. இரண்டும் ஒரே மன்றத்திலிருந்து, ஒரே கட்டடத்திலிருந்து, ஒரே மாடியிலிருந்து வந்தவை. முதலாவது, முற்றுகை நடத்தியோர் பிரிவுடையது: நீங்கள் நீலவேணி என்ற கப்பலில் இருந்து, பொதுமக்களுக்கு எதிரான கடல் முற்றுகையை நடத்தியதாகச் சந்தேகிக்கிறோம், பெப்ரவரி பத்தொன்பதாம் திகதி காலை பத்து மணிக்கு வரவும். இரண்டாவது, முற்றுகை மீறியோர் பிரிவுடையது: நீங்கள் நீலவேணி என்ற கப்பலில் இருந்து, சட்டப்படி அறிவிக்கப்பட்ட கடல் முற்றுகையை மீறியதாகச் சந்தேகிக்கிறோம், பெப்ரவரி பத்தொன்பதாம் திகதி காலை பத்து மணிக்கு வரவும். இரண்டிலும் கடைசி வரி ஒன்று. சந்தேகம் உறுதியானால் வதிவுரிமை பறிக்கப்படும், முப்பது நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டும்.

இரண்டு கடிதமும் உண்மை சொல்லியிருந்தன என்பதுதான் இதில் பெரிய தொந்தரவு.

நீலவேணி ஒரு வியாபாரியின் பழைய நீராவிக் கப்பல். கோதுமை மாவும் மண்ணெண்ணெயும் வெங்காயமும் வடக்குக்கு ஏற்றிப் போகும். நிலக்கரி தின்று, புகை கக்கி, ஆடியாடிப் போகும். அதன் கொதிகலனுக்கு நெருப்புப் போடும் பொயிலர்காரன் சீமோன். 1990இல் யுத்தம் திரும்பத் தொடங்கி, வடகடலில் ஒரு வள்ளமும் ஓடக்கூடாது என்று அறிவித்தபோது கப்பல் நடுக்கடலில் நின்றது. கடற்படை வந்து பிடித்தது. மாவைப் பிரித்துச் சாப்பிட்டது. கப்பலுக்குச் சாம்பல் நிறம் பூசி, பெயரை அழித்து, இலக்கம் போட்டு, அதே கரையை மறிக்க அதையே விட்டது. ஆனால் அந்தப் பொயிலரை ஓட்டக் கடற்படையில் ஆளில்லை. அதற்கு ஒரு வால்வு இருந்தது, ஈரச்சாக்குச் சுற்றி ஒரு உதை விட்டால்தான் திறக்கும். எங்கே உதைப்பது என்பது சீமோனுக்கு மட்டுந்தான் தெரியும். ஆகவே மற்றவர்களை இறக்கிவிட்டு, கப்பலோடு சேர்த்து அவரையும் வைத்துக்கொண்டார்கள். ஏழு மாதம்.

ஊரில் அதற்குச் சாம்பல் கப்பல் என்று பெயர். மருந்து கொண்டுவந்த வள்ளத்தை அது மறித்ததால் மருந்தில்லாமல் செத்தவர்களில் ஒருவர் பேர்ணடெற்றின் தகப்பன். பேர்ணடெற் சீமோனின் மனைவி. அப்போது கலியாணம் பேசி மட்டும் இருந்தது. இன்றைக்கும் அவள் வாயில் அந்தக் கப்பல்தான் வசவு. ஸ்ரீற்கார் றைவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினால், “உவனும் சாம்பல் கப்பல்காரன்தான்.” லிஃப்ற் வேலை செய்யாவிட்டால் கட்டடச் சொந்தக்காரனும் சாம்பல் கப்பல்காரன். முப்பத்தைந்து வருடமாகச் சீமோன் இதைக் கேட்டுத் தலையாட்டி வந்திருக்கிறார். அந்த ஏழு மாதமும் தன்னை முகாமில் அடைத்து வைத்திருந்தார்கள் என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்.

ஆகவே சீமோனுக்குப் பயம் இரண்டு இல்லை, ஒன்றுதான். பேர்ணடெற் இல்லாத வீடு. நாட்டை விட்டு அனுப்பினாலும் அதுதான் மிச்சம், உண்மை தெரிந்தாலும் அதுதான் மிச்சம். கடிதங்களை மடித்துச் சேர்ட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, சிற்றிசன் இன்ரவியூ ஒன்று வந்திருக்கிறது என்று சொன்னார்.

“அப்ப நானும் வாறன்” என்றாள் பேர்ணடெற். “அங்கை சாப்பாடு என்னமாதிரியோ தெரியாது.”

பத்தொன்பதாம் திகதி வெளியே உறைபனி. மன்றத்தின் நான்காம் மாடியில் ஒரு நீண்ட நடையோடை. இடப்பக்கம் 4ஏ, அங்கே திருமதி டன்லப், நடத்தியோர் பிரிவு. வலப்பக்கம் 4பி, அங்கே திரு. ஹார்வி, மீறியோர் பிரிவு. நடுவில் இருக்க ஒரு வாங்கு. அந்த வாங்கில் பேர்ணடெற், மடியில் சாப்பாட்டுப் பையோடு.

பத்து மணிக்கு இரண்டு கதவும் ஒன்றாகத் திறந்தன, இரண்டு பக்கமும் சீமோனின் பெயர் கூப்பிடப்பட்டது. மன்றத்தின் விதி பதினேழின்படி, விண்ணப்பதாரர் ஐந்து நிமிடத்துக்கு மேல் அறையில் இல்லாவிட்டால் வழக்கைக் கைவிட்டவராகக் கருதப்படுவார். ஒருவரை ஒரே நேரத்தில் இரண்டு அறைக்குக் கூப்பிடக்கூடாது என்று விதி எதுவும் இல்லை. இரு பிரிவுகளும் பேசி ஒரு நேரத்தை மாற்றலாமே என்றால், ஒரு பிரிவின் அட்டவணையை மற்றப் பிரிவு பார்ப்பது அந்தரங்க மீறல். நான் இதில் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

மொழிபெயர்ப்பாளர் அட்சயா என்ற பிள்ளை. ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவள். இரண்டு அறைக்கும் அவள் ஒருத்திதான்.

“அங்கிள், ஐ’ம் ஸோ சொறி” என்றாள். “நாங்க ரெண்டு பேரும் ஓடவேணும், ஓகே? ஃபோர் மினிற்ஸ் இங்க, ஃபோர் மினிற்ஸ் அங்க.”

4ஏயில் திருமதி டன்லப் மிகவும் மரியாதையாகத் தொடங்கினார். நீங்கள் கடற்படையில் சேர்ந்தீர்களா, பிடிபட்டீர்களா?

“பிடிச்சவை.”

பிடிபட்டதற்குப் பற்றுச்சீட்டு இருக்கிறதா?

அட்சயா இதை இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திவிட்டுத்தான் மொழிபெயர்த்தாள். “அங்கிள், அவ கேக்கிறா, உங்களைப் பிடிக்கேக்க றிசீற் மாதிரி ஏதும் தந்தவையா எண்டு.”

“துவக்கு நீட்டினவை, பிள்ளை.”

திருமதி டன்லப் ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். அதில் ஒரு மனித உருவம் வரைந்திருந்தது. துப்பாக்கி எந்தத் திசையில், எத்தனை பாகையில் நீட்டப்பட்டது என்று கோடு போட்டுக் காட்ட வேண்டும். நாற்பத்தைந்து பாகைக்கு மேலே என்றால் வற்புறுத்தல். கீழே என்றால் அழைப்பு. அந்த நாளில் தன் நெஞ்சில் முட்டிய இரும்பின் குளிரை நினைத்துக்கொண்டு, சீமோன் ஒரு கோடு போட்டார். திருமதி டன்லப் பாகைமானியை எடுத்து அளந்து பார்த்தார். நாற்பத்திநாலு.

சாப்பாடு தந்தார்களா என்று அடுத்த கேள்வி.

“சோறும் பருப்பும்.”

பொருளாகப் பெறப்பட்ட ஊதியம், என்று எழுதிக்கொண்டார்.

நாலு நிமிடமானது. சீமோன் எழுந்து ஓடினார். ஓடையில் பேர்ணடெற் நிமிர்ந்து பார்த்தாள்.

“என்னப்பா, ரொயிலெற்றோ?”

“ஓம்.”

4பியில் திரு. ஹார்வி உயரமானவர், சிரித்த முகம். நீங்கள் துறைமுகத்தை விட்டது காலை ஆறு மணிக்கு, முற்றுகை வானொலியில் அறிவிக்கப்பட்டது பத்து மணிக்கு. அறிவித்தலைக் கேட்டவுடன் ஏன் திரும்பவில்லை?

“நான் பொயிலர் அறையிலை. அங்கை றேடியோ இல்லை. நெருப்பும் நானும்தான்.”

ஆக, அரசாங்க அறிவித்தல்கள் கேட்காத இடத்தில் இருப்பதைத் தெரிவுசெய்துகொண்டீர்கள்.

“ஐயோ, அது வேலை!”

மண்ணெண்ணெய் எத்தனை பீப்பாய், அதை யார் பாவிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா, விளக்கு எரிக்கத்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள், நீங்கள் அந்த விளக்குகளைக் கண்ணால் கண்டீர்களா? நாலு நிமிடம். மீண்டும் ஓட்டம்.

“என்ன, திரும்பவுமோ? காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?”

“ஒண்டுமில்லை, நீர் இரும்.”

இப்படிப் பகல் ஒரு மணிவரை நாற்பத்திரண்டு தடவை சீமோன் அந்த ஓடையைக் கடந்தார். 4ஏயில், தான் பிடிபட்டவன் என்று நிறுவ வேண்டியிருந்தது. அதை நிறுவினால், பிடிக்கப்படத் தக்க குற்றம் செய்தவன் என்று 4பியில் எழுதினார்கள். 4பியில், தான் சும்மா கூலியாள் என்றார். அப்படியென்றால் முதலாளி மாறியதும் அதே வேலையைத் தொடர்ந்தவர்தானே என்று 4ஏயில் எழுதினார்கள். அவர் எந்தப் பக்கம் ஓடினாலும் மற்றப் பக்கத்தின் கோப்புத் தடித்தது. ஓடையில் எதிர்ப்பட்டால் திருமதி டன்லப்பும் திரு. ஹார்வியும் ஒருவருக்கொருவர் கதவைப் பிடித்துவிட்டு நன்றி சொன்னார்கள்.

இரண்டு கிழமை கழித்து மன்றம் ஒரு கப்பல் கொண்டுவந்தது.

மேசைமேல் வைக்கும் மாதிரிக் கப்பல்தான். பொழுதுபோக்குப் பொருள் விற்கும் கடையில் வாங்கி, இரண்டு பிரிவும் சேர்ந்து ஒட்டியது. இது ஏரியில் உல்லாசப் பயணம் போகிற கப்பல், நீலவேணி இல்லை, என்று சீமோன் சொன்னார். விசாரணையின் நோக்கத்துக்காக இது நீலவேணி என்று மன்றம் தீர்மானித்திருக்கிறது என்றார் திரு. ஹார்வி. நீங்கள் நின்ற இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள்.

சீமோன் குனிந்து பார்த்தார். பொயிலர் அறை இல்லை. நடனமாடும் தளமும் குடை விரித்த மேசைகளும் இருந்தன.

“இதுக்குள்ளை நான் நிண்ட இடம் இல்லை.”

விண்ணப்பதாரர் கப்பலில் இருக்கவில்லை என்று எழுதப்பட்டது. சீமோனுக்கு ஒரு கணம் மூச்சு வந்தது. கப்பலில் இல்லையென்றால் இரண்டு குற்றமும் இல்லையே! ஆனால் திருமதி டன்லப் குடியுரிமைப் படிவத்தைத் திருப்பினார். அதில் கப்பல் என்று இருக்கிறதே. கப்பலில் இல்லாதவர் கப்பல் என்று எழுதியது பொய்த்தகவல். பொய்த்தகவலுக்குத் தனி விசாரணை தேவையில்லை, பதினான்கு நாளிலேயே அனுப்பலாம்.

சீமோன் அவசரமாக நடனத்தளத்தைத் தொட்டுக் காட்டி, இதிலைதான் நிண்டனான் என்று கப்பலில் ஏறிக்கொண்டார்.

மார்ச் கடைசியில் கூட்டு அமர்வு. அன்றைக்கு முடிவு என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் காலையில் பேர்ணடெற் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தபோது சீமோன் குசினி வாசலில் நின்று அவளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நாளும் இந்த மனுசியைச் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்தார்.

“என்ன பாக்கிறியள்? நேரம் போகுது” என்றாள் அவள்.

பெரிய அறையில் இரண்டு அதிகாரிகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். பேர்ணடெற் வழக்கம்போல வெளியே வாங்கில். திருமதி டன்லப் ஆரம்ப உரை நிகழ்த்தினார்.

“இந்த மன்றத்தைப் பற்றி வெளியே தவறான எண்ணம் இருக்கிறது. நாங்கள் யாரையும் நாட்டை விட்டு அனுப்புவதில்லை. அனுப்புவது இன்னொரு திணைக்களம். யாரையும் உள்ளே விடுவதுமில்லை, அதுவும் இன்னொரு திணைக்களம். எங்கள் பணி நடுவில் நிற்பது. வருகிறவர் வராமலும் போகிறவர் போகாமலும், ஒருவர் மேலும் கை வைக்காமல், பொறுமையாக நிற்பது. சென்ற ஆண்டு நானூற்றுப் பன்னிரண்டு பேரை நிறுத்தி வைத்தோம். அதில் ஒருவர்கூட எங்கள் கையால் துன்பப்படவில்லை. காத்திருந்து துன்பப்பட்டவர்கள் இருக்கலாம். அது அவர்களுடைய சொந்தத் தெரிவு.”

திரு. ஹார்வி மேசையைத் தட்டி ஆமோதித்தார். அட்சயா மொழிபெயர்த்து முடித்தாள்.

“பிள்ளை, உந்தக் கதையைத்தான் கப்பலிலை நேவி லெப்ரினனும் சொல்லுறவர்” என்றார் சீமோன்.

அவள் அதை மொழிபெயர்க்கவில்லை. சீமோனுக்கு அவள் செய்த உதவிகளில் அது முதலாவது.

அதன் பிறகுதான் திரு. ஹார்வி ஒரு கட்டுக் காகிதத்தை வெளியே எடுத்தார். மன்றத்தின் ஆவணப் பகுதி எங்கேயோ தேடிப்பிடித்த பிரதி. சாம்பல் கப்பலின் நாளேடு. ஏழு மாதத்து நாளேடு.

“இதில் ஒரு விடயம் இருக்கிறது. வடக்கு முனையில் தேவாலயத்தைக் கடக்கும்போது ஒவ்வொரு நாளும் கப்பலின் சங்கு மூன்று முறை ஊதப்பட்டிருக்கிறது. இருநூற்றுப் பதினொரு நாள். காரணம்: பொயிலர் பாதுகாப்பு. விளக்கம் தரவும்.”

சீமோன் சொன்னார். வேறு வழி இருக்கவில்லை. அந்த முனையில் மாதா கோயில் இருந்தது. அதைக் கடக்கிற எந்தக் கப்பலும் மூன்று தரம் சங்கு ஊதிவிட்டுத்தான் போகும். சைவ முதலாளியின் கப்பலென்றாலும் ஊதும். அது அந்தக் கடலின் வழக்கம். கப்பலைக் கடற்படை பிடித்த பிறகும் அவர் ஊதினார். சாம்பல் கொட்ட மேலே வரும்போது கோயில் கோபுரம் தெரியும், பொயிலர் அறை வாசலில் தொங்கும் சங்குக் கயிற்றை மூன்று தரம் இழுப்பார். லெப்ரினன் கேட்டதற்கு, ஆவியை விடாவிட்டால் பொயிலர் வெடிக்கும் என்று சொல்லியிருந்தார். லெப்ரினனுக்குப் பொயிலரில் பயம்.

“சங்கு கேட்டவர்கள் என்ன செய்தார்கள்?”

“கப்பல் கோயிலடியிலை நிக்குது, திரும்பி வர ஒண்டரை மணித்தியாலம் செல்லும் எண்டு கரையிலை தெரியும். அந்த இடைக்குள்ளை வள்ளம் இறக்குவினம்.”

இரண்டு அதிகாரிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நீண்டநாள் தேடிய பொருள் கிடைத்தவர்களின் சந்தோசம் அந்தப் பார்வையில் இருந்தது. திரு. ஹார்வி ஒரு கடதாசியை முன்னே தள்ளினார். அதில் இரண்டு கட்டம்.

“கயிற்றை இழுத்தபோது நீங்கள் நினைத்தது மாதாவையா, வள்ளங்களையா? மாதாவை என்றால் அது சமய வழக்கம். முற்றுகையைக் குலைக்கும் எண்ணம் உங்களுக்கு இல்லை, ஆகவே நீங்கள் முற்றுகை நடத்தியவர். வள்ளங்களை என்றால் நீங்கள் முற்றுகை மீறியவர். ஒன்றில் அடையாளம் இடவும்.”

“அங்கிள்” என்றாள் அட்சயா மெல்ல, “டோன்ற் ஆன்சர் யெற்.”

சீமோன் பேனையைத் தொடவில்லை. ஆனால் திருமதி டன்லப் நாளேட்டின் முதல் பக்கத்துக்குத் திரும்பியிருந்தார். அவர் கவனமான ஆள்.

“கப்பல் சேவையில் இருந்தது இருநூற்றுப் பதின்மூன்று நாள். முதல் இரண்டு நாளும் சங்கு ஊதப்படவில்லை. ஏன்?”

முப்பத்தைந்து வருடமாக ஒருவரும் கேட்காத கேள்வி அது. பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சீமோன் அதைச் சொன்னதில்லை.

பதில் இல்லாவிட்டால் பக்தியைப் பற்றி வீட்டார் ஒருவரின் சாட்சியம் எடுக்கலாம் என்று விதி இருக்கிறது என்றார் திரு. ஹார்வி. மனைவி வெளியே இருக்கிறார் அல்லவா?

சீமோன் எழுந்துவிட்டார். “வேண்டாம். அவவைக் கூப்பிடாதேங்கோ. பிள்ளை, சொல்லும் அவையளுக்கு, நான் எதிலை எண்டாலும் அடையாளம் போடுறன். ரெண்டிலையும் போடுறன்!”

விண்ணப்பதாரர் சாட்சியைத் தடுக்க முயல்கிறார் என்று எழுதப்பட்டது. கதவு திறந்தது. பேர்ணடெற் சாப்பாட்டுப் பையோடு வந்து கதிரையின் நுனியில் இருந்தாள்.

“உங்கள் கணவர் 1990இல் முற்றுகைக் கப்பலில் கடமையாற்றிய காலத்தில், அவருடைய மாதா பக்தி எப்படி இருந்தது?” என்று கேட்டார் திரு. ஹார்வி.

அட்சயா மொழிபெயர்க்க வாயெடுத்தாள். நிறுத்தினாள். சீமோனின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பிள்ளைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. “ஐ நீட் எ மினிற்” என்றாள். மொழிபெயர்ப்பாளருக்கு நிமிடம் ஒதுக்க விதி இல்லை என்றார் திரு. ஹார்வி.

“என்னவாம்?” என்றாள் பேர்ணடெற்.

“நான் சொல்லுறன்” என்றார் சீமோன். “நான் காம்பிலை இருக்கேல்லை, பேர்ணடெற். அந்தக் கப்பலிலை நிண்டனான். சாம்பல் கப்பலிலை. அதின்ரை பொயிலருக்கு நெருப்புப் போட்டது நான்தான்.”

பேர்ணடெற் சாப்பாட்டுப் பையை நிலத்தில் வைத்தாள்.

“ஏழு மாசமும்?”

“ஏழு மாசமும்.”

“ஐயாவின்ரை மருந்து வந்த வள்ளம்?”

“ரெண்டாம் நாள். கோயிலைத் தாண்டேக்கை கயிறு கைக்கெட்டின தூரத்திலை தொங்கினது. பக்கத்திலை லெப்ரினன் துவக்கோடை நிண்டவன். நான் ஊதேல்லை. பயந்திட்டன். கொஞ்ச நேரத்திலை, கப்பல் நிக்கிறது தெரியாமல், அந்த வள்ளம் எங்களுக்கு முன்னாலை வந்தது. பெட்டியளைக் கடலுக்குள்ளை எறிஞ்சதை நான் பாத்துக்கொண்டு நிண்டனான். அடுத்த நாளிலையிருந்து ஊதினனான். சுட்டாலும் சுடட்டும் எண்டு ஒவ்வொரு நாளும் ஊதினனான். மாதாவையும் நினைக்கேல்லை, வள்ளத்தையும் நினைக்கேல்லை. ஊதாத அந்த ரெண்டு நாளைத்தான் நினைச்சனான்.”

அட்சயா அழுதுகொண்டே எல்லாவற்றையும் மொழிபெயர்த்தாள். திரு. ஹார்வி கடதாசியைப் புரட்டிப் பார்த்தார். ஊதாத நாளை நினைத்தவர்களுக்கு அதில் கட்டம் இல்லை. ஆகவே கேள்வியைத் திரும்பச் சாட்சியிடமே கேட்டார். கணவர் பக்தி உள்ளவரா?

பேர்ணடெற் சீமோனைப் பார்க்காமலே பதில் சொன்னாள். “இவர் பூசைக்கு வந்தா நித்திரை கொள்ளுறவர். எழுதுங்கோ. ஆனா ஒண்டு. ஐயாவை அடக்கம் பண்ணி மூண்டாம் மாசம் அம்மாவும் நானும் மணல்திட்டிலை விடியக்காலமை ஒளிச்சிருந்தனாங்கள். சங்கு மூண்டு தரம் கேட்ட பிறகுதான் வள்ளத்தை இறக்கினனாங்கள். சங்கு ஊதினது ஆரெண்டு எனக்கு இண்டைக்கு வரைக்கும் தெரியாது.”

இதை அட்சயா சொல்லி முடித்ததும் திருமதி டன்லப் பேனையைத் திறந்தார். அப்படியென்றால் சாட்சி முற்றுகையைக் கடந்தவர்! சங்கினால் பயன்பெற்றவர்! புதிதாக ஒரு கோப்பு எடுக்கப்பட்டு, அதன்மேல் பேர்ணடெற்றின் பெயர் எழுதப்பட்டது. இரண்டு அதிகாரிகளும் தலையைக் கூட்டிப் பத்து நிமிடம் பேசினார்கள். பிறகு திரு. ஹார்வி எழுந்து நின்று கூட்டுத் தீர்மானத்தை வாசித்தார்.

சீமோனின் வழக்குக்குப் பேர்ணடெற் இன்றியமையாத சாட்சி. பேர்ணடெற்றின் வழக்குக்குச் சீமோன் இன்றியமையாத சாட்சி. ஒரு வழக்கு முடியும்வரை அதன் சாட்சியை நாட்டை விட்டு அனுப்ப முடியாது. மற்ற வழக்கு முடியாமல் எந்த வழக்கையும் முடிக்கவும் முடியாது. இருவரும் ஒரே விலாசத்தில் இருக்க வேண்டும், கடிதம் அனுப்ப அதுதான் வசதி. இதெல்லாம் சாட்சி சம்மதித்தால் மட்டுமே. சம்மதிக்காவிட்டால் சீமோனின் வழக்கு இந்த நிமிடமே முடிகிறது. முப்பது நாள்.

ஒரு கையெழுத்து. பேனை பேர்ணடெற்றுக்கு முன்னால் வைக்கப்பட்டது.

அட்சயா கூடியவரை மெதுவாக மொழிபெயர்த்தாள். பேர்ணடெற் கேட்டுக்கொண்டிருந்தாள். சீமோன் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தனக்கு உரிமை இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அவளுடைய கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார், அது மேசையில் அப்படியே கிடந்தது.

“உந்த வழக்கு எவ்வளவு காலம் செல்லுமாம்?” என்றாள் கடைசியில்.

இப்படி ஒருவர் அக்கறையாகக் கேட்டது திரு. ஹார்விக்குப் பெருமையாக இருந்தது. “எங்கள் சராசரி பதினொரு வருடம்” என்றார். “அதைக் கூட்டுவதற்கு முயன்றுகொண்டிருக்கிறோம்.”

பேர்ணடெற் பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தாள். பிறகுதான் முதன்முறையாகச் சீமோன் பக்கம் திரும்பினாள். கண் கலங்கி இருந்தது, கோபமும் அப்படியே இருந்தது.

“பிள்ளை, அவரிட்டைச் சொல்லும்” என்றாள். “இந்த மனுசனிட்டை எனக்குக் கேக்க நிறையக் கிடக்கு. பதினொரு வருசம் போதாது.”

அட்சயா மொழிபெயர்த்தாள். திரு. ஹார்வி மிகுந்த மகிழ்ச்சியோடு காலநீடிப்புப் படிவத்தை வெளியே எடுத்தார்.